கணக்கில் வராதவர்கள்

ஆங்கிலத்தில் கவுன்ட்லெஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் இயற்கை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் 'கவுன்ட்லெஸ் ஸ்டார்ஸ்' என்று எழுதாத பிள்ளை கிடையாது. ஆபீஸில் மேலதிகாரி, 'கவுன்ட்லெஸ் ரிமைண்டர்ஸ் அனுப்பியாச்சு' என்று மெயில் தட்டுவார். தேடிப் பார்த்தால் மூன்று இருக்கும். மேடையில் வாழ்த்துரை வாசிப்பவர், தலைவரின் சாதனைகள் கவுன்ட்லெஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாலு சாதனையைச் சொல்லுங்க சார் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்.

அகராதியில் அர்த்தம் ரொம்ப சுலபம். எண்ண முடியாத அளவுக்கு நிறைய. தமிழில் எண்ணற்ற, கணக்கற்ற, எண்ணிலடங்காத என்று விதவிதமாகச் சொல்லலாம். ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்குப் பங்காளிகள் உண்டு. இன்யூமரபிள் என்பது லத்தீன் வழி வந்த பெரிய வீட்டுப் பிள்ளை. பரீட்சைப் பேப்பரில் கொஞ்சம் மிடுக்காக இருக்கும். மிரியட் கிரேக்கத்திலிருந்து வந்தது. அம்ப்டீன் கொஞ்சம் துடுக்குப் பயல். தந்தி ஆபரேட்டர்கள் மார்ஸ் கோடில் வரும் நீளக் கோட்டை விளையாட்டாக 'அம்ப்டி' என்பார்களாம். அதற்கு வால் முளைத்து அம்ப்டீன் ஆயிற்று என்கிறார்கள். நம் ஊரில் இங்கிலீஷ் பேசும் அப்பாக்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. "அம்ப்டீன் டைம்ஸ் சொல்லிட்டேன், ஃபேனை ஆஃப் பண்ணுன்னு!"

இதில் மிரியட்டின் கதை மட்டும் வேடிக்கையானது. இன்றைக்கு அதற்கு 'எக்கச்சக்கமான' என்று பொருள். ஆனால் கிரேக்கத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ஒரு துல்லியமான கணக்கு இருந்தது: 10,000. எண்ணத் தெரிந்தவர்களின் எண், எண்ணச் சோம்பல் பட்டவர்களின் வாயில் விழுந்து, 'நிறைய' என்று கரைந்துவிட்டது. நம் ஊரில் 'ஆயிரம் வேலை இருக்கு' என்று சொல்லும்போது ஆயிரத்துக்கு நடக்கிற அதே கதிதான்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். அவை நிஜமாகவே எண்ண முடியாதவையா? பிரபஞ்சம் முழுவதையும் சேர்த்தால் அப்படிச் சொல்லலாம். ஆனால் கட்டுரை எழுதும் பிள்ளை மொட்டை மாடியில் நின்று பார்ப்பதைத்தானே சொல்கிறது? வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்கள் வானம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 9,000தான். ஓரிடத்தில் நின்று ஒரு நேரத்தில் பார்த்தால் பாதி வானம்தான் கிடைக்கும். அடிவானத்துப் புகைமூட்டத்தில் மங்கிப் போவதையும் கழித்தால், நல்ல இருட்டான கிராமத்தில்கூட 3,000 தேறினால் பெரிது. ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் பந்தியில் உட்காருகிற கூட்டம் அவ்வளவுதான். விநாடிக்கு ஒன்று என்று எண்ணினால் 50 நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். 1,800 வருஷங்களுக்கு முன்பே தாலமி உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இடம் குறித்துப் பட்டியல் போட்டு வைத்தார். டெலஸ்கோப் இல்லாமல்!

நம் தலைமுடி? சராசரியாக ஒரு லட்சம். எண்ண 28 மணி நேரம் ஆகும். போரடிக்கும், அவ்வளவுதான்.

மணல் விஷயத்திலும் இதே போல ஒருத்தர் பிடிவாதம் பிடித்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்யூஸ் நகரத்தில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ். தொட்டியில் இருந்து எழுந்து ஓடினார் என்று கதை சொல்வோமே, அவரேதான். 'மணலுக்குக் கணக்கே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கு உண்டு, ஆனால் அதைச் சொல்லப் போதுமான பெரிய எண் கிடையாது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு' என்று கெலோன் அரசனுக்கு ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். கடற்கரை மணலை விடுங்கள், பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். அன்றைக்கு கிரேக்கர்களிடம் பெயரோடு இருந்த பெரிய எண் அந்த மிரியட்தான். அதைக் கொண்டே எண்ணுக்கு மேல் எண்ணாக ஒரு ஏணி கட்டினார். முடிவாகச் சொன்ன விடை, இன்றைய எழுத்தில், ஒன்றுக்குப் பின்னால் 63 சைபர். அதற்கு மேல் போகாது!

நம் முன்னோர்களும் இதில் சளைத்தவர்களில்லை. பெரிய பெரிய எண்களுக்கு ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பூவும் நீருமாகப் பெயர் வைத்திருந்ததைப் பழைய இலக்கண உரைகள் சொல்கின்றன. எண்ணிக்கை கைமீறிப் போகும்போது கையை உதறாமல், அதற்கும் ஒரு பேர் வைக்கிற புத்தி அது.

ஆக, 'எண்ண முடியாதது' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவற்றை எண்ண முடியும். அப்படியானால் கவுன்ட்லெஸ் என்ற சொல் உண்மையில் என்னதான் சொல்கிறது?

*

இங்கேதான் விஷயம் கொஞ்சம் கனமாகிறது. அந்தச் சொல்லை உரித்துப் பார்த்தால் உள்ளே வேறு வேறு ஆசாமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணவே முடியாதது ஒன்று. எண்ண முடியும், ஆனால் அவசியமில்லை என்பது இன்னொன்று. எண்ணியிருக்கலாம், யாரும் மெனக்கெடவில்லை என்பது மூன்றாவது. எண்ணினால் வம்பு, அதனால் எண்ணாமல் விட்டார்கள் என்பது நான்காவது. நாலு பேரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தமிழில் இது இன்னும் தெளிவு. எண்ணுவது என்றால் நமக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது. மனசுக்குள் எண்ணுவது. நினைப்பதற்கும் கணக்கிடுவதற்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறையாகப் புழங்குகிறோம். அப்படிப் பார்த்தால் 'எண்ணப்படாதவர்கள்' என்பது வெறும் புள்ளிவிவரச் சமாசாரம் இல்லை. யாராலும் நினைக்கப்படாதவர்கள் என்றும் அர்த்தமாகிறது. கணக்கு என்பதும் அப்படித்தான். வாத்தியார் சொல்லித் தருவதும் கணக்கு. 'கணக்குச் சொல்லுடா' என்று சட்டையைப் பிடிப்பதும் கணக்கு. 'அவனையெல்லாம் யாரு கணக்குல எடுத்துக்கறா?' என்று ஒரு ஆளை ஒரே வரியில் இல்லாமல் ஆக்குவதும் கணக்கு. இங்கிலீஷ்காரனும் ஒரு ஆள் முக்கியமில்லை என்றால் 'ஹி டஸ்ன்ட் கவுன்ட்' என்றுதான் சொல்கிறான். எங்கோ இருக்கிற இரண்டு மொழிகளுக்கும் ஒரே உண்மை தெரிந்திருக்கிறது. எண்ணாமல் விடுவதற்கும் மதிக்காமல் விடுவதற்கும் நடுவே சுவர் ரொம்ப மெல்லிசு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் ஜனங்கள் சம்பந்தப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போட்டார்கள். சுமார் 415 கிலோமீட்டர். காடு, மலை, ஆறு. 1942-இன் நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். எப்படி முடித்தார்கள் என்றால், ஆட்களைத் தேய்த்துத் தேய்த்து முடித்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களைப் போல மூன்று மடங்கு, அதற்கும் மேலே, ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று சொல்லியும் கூட்டிப் போனார்கள், லாரியில் பிடித்துப் போட்டும் கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர்கள் அதை சயாம் மரண ரயில் என்கிறார்கள்.

போர்க் கைதிகளில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எப்படித் தெரியும்? எண்ணினார்கள். பட்டினியிலும் காலராவிலும் கிடந்துகொண்டே அவர்களுடைய அதிகாரிகள் யார் எந்த முகாமில் என்றைக்கு எதனால் செத்தார் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, மூங்கில் குழாய்க்குள் ஒளித்தும் மண்ணில் புதைத்தும் காப்பாற்றினார்கள். 1945-இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு அந்த ரயில் பாதை நெடுகப் போய், அந்தக் குறிப்புகளை வைத்து, காட்டுக்குள் கிடந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்றைக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் புல்வெளிக்கு நடுவே வரிசை வரிசையாகக் கற்கள். அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேர். பெயர், படைப்பிரிவு, வயது.

ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள்? சுமார் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. மதிப்பீட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே விழுகிற வித்தியாசத்திலேயே பல்லாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே காடு, அதே காலரா, அதே சவுக்கு. ஒரு பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு கல். இன்னொரு பக்கம் கவுன்ட்லெஸ்.

தமிழர்களை எண்ண முடியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் அதிகமாக இருந்தது மட்டுமா? அவர்களுக்கு ராணுவ நம்பர் இல்லை. பட்டியல் வைத்திருந்த அதிகாரி இல்லை. மூங்கிலுக்குள் காகிதம் ஒளிக்க ஆள் இல்லை. காலரா முகாமில் விழுந்தவர்களை மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள். போர் முடிந்து தேடி வரவும் நாதியில்லை. 1957-இல் இந்த ரயிலின் பாலத்தைப் பற்றி ஹாலிவுட்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் வாங்கிற்று. விசிலடித்துக்கொண்டு வரும் வெள்ளைக்காரக் கைதிகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தண்டவாளத்தின் அடியில் நம் ஆட்களும் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

காஞ்சனபுரியில் அந்தக் கல்லறைகளைப் பராமரிப்பது ஒரு போர்க் கல்லறை ஆணையம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் பிரிட்டன் அமைத்தது. தளபதியானாலும் சிப்பாயானாலும் செத்தபின் சமம், ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி நினைவுச் சின்னம் என்பது அதன் உயர்ந்த கொள்கை. அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் தன் பழைய கணக்கைத் தானே தோண்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். மூட்டை சுமந்தவர்கள் நிறைய. இந்தியர்கள் உட்பட இன்னும் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நடத்தப்படவில்லை என்றும் சொன்னது. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் பார்லிமென்டில் மன்னிப்புக் கேட்டார்.

நூறு வருஷம் கழித்து மன்னிப்பு! ஆனால் கவனியுங்கள், அந்த மன்னிப்பு எதிலிருந்து வந்தது? யாரோ சிலர் உட்கார்ந்து, 'எண்ணற்ற ஆப்பிரிக்கர்கள்' என்ற வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளாமல், எத்தனை பேர் என்று கேட்டதிலிருந்து வந்தது.

*

நாம் எண்ணத் தெரியாதவர்கள் இல்லை. நம் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். மண்டபத்தில் ஆயிரம் பேர் திரண்டாலும், யார் எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று வரிவரியாக இருக்கும். 51 ரூபாய் வைத்த ஒன்றுவிட்ட மாமா பேர் விட்டுப் போனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் இருக்கும். கொடுத்தவர்கள் விஷயத்தில் நாம் அவ்வளவு கறார். இழந்தவர்கள் என்று வரும்போதுதான் நமக்குத் திடீரென்று எண் மறந்து போகிறது.

சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றிய செய்தி ஞாபகம் இருக்கிறதா? 'விஷவாயு தாக்கி இருவர் பலி.' பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. மறுநாள் வேறு ஊர், வேறு இருவர். எத்தனை வருஷமாக, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் 'எத்தனையோ பேர்' என்றுதான் பதில் இருந்தது. எத்தனையோ பேருக்கு யார் நஷ்டஈடு கொடுக்க முடியும்? செக்கில் எத்தனையோ என்று எழுத முடியாதே. பெஜவாடா வில்சனும் அவருடைய தோழர்களும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பின் மூலம் 2003-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். யார், எந்த ஊர், எந்தக் குழி என்று ஊர் ஊராகப் போய்த் தகவல் சேர்த்தார்கள். 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 1993-லிருந்து அப்படி இறந்த எல்லோரையும் கண்டறிய வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தினார்கள்.

பணம் உயிருக்கு ஈடாகாது. ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். கவுன்ட்லெஸ்ஸாக இருந்தவரை அது ஒரு பெருமூச்சு. பட்டியல் ஆனவுடன் அது ஒரு கடன். பெருமூச்சுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடனுக்குச் சொல்லியாக வேண்டும்.

எண்ணினால் வம்பு என்கிற நாலாவது ஆசாமியை இப்போது அடையாளம் தெரிகிறதா? கொரோனாவில் இதை உலகமே பார்த்தது. 2020, 2021 இரண்டு வருஷத்தில் இந்தியாவில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 4,80,000. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், அதே இரண்டு வருஷத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம். கணக்கிட்ட முறையே தப்பு என்று நம் அரசு மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கம் போதாது. ஒரு எண்ணைப் பற்றி இத்தனை பெரிய நிறுவனங்கள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கின்றன என்பதை மட்டும் யோசித்தால் போதும். எண் என்பது சாதாரண விஷயமாக இருந்தால் நிற்பார்களா?

*

"சரி சார், எண்ணி என்ன ஆகப் போகுது? செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குக் கூடப் பிறந்த இன்னொரு கேள்வியும் உண்டு. எண்ணிக்கை என்பதே மனிதனைச் சிறுமைப்படுத்துகிற காரியம் இல்லையா? சிறையில் பேரைப் பிடுங்கிக்கொண்டு நம்பர் கொடுக்கிறார்கள். நாஜி முகாம்களில் கையில் பச்சை குத்தினார்கள். அங்கே எண்ணியவன் கொலைகாரன் அல்லவா?

உண்மைதான். எண்ணுகிறவன் எல்லாம் நல்லவன் இல்லை. ஆனால் அந்த முகாமில் எண் கொடுத்தது, ஆளை மறப்பதற்கு. மூங்கிலுக்குள் ஒளித்த காகிதத்தில் எண்ணியது, ஆளை மறக்காமல் இருப்பதற்கு. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எண்ணுகிறவர் ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் ஒரு நிமிஷம் நிற்கிறாரா, இல்லை மந்தையைப் போலத் தாண்டிப் போகிறாரா என்று பாருங்கள்.

நம் நாட்டு சென்சஸில் ஒரு ராத்திரி உண்டு. 2011-இல் அது பிப்ரவரி 28. வீடு இல்லாதவர்களை எண்ணுகிற ராத்திரி. பிளாட்பாரம், பாலத்தடி, ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல் என்று டார்ச்சும் நோட்டுமாகப் போவார்கள். அந்த சென்சஸில் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. குறைவு என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் காட்சி. பகலெல்லாம் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போன ஊரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து, அவர்கள் பக்கத்தில் குனிந்து, 'உங்க பேரு என்னங்க?' என்று கேட்கிறார். எண்ணுவது என்றால் அந்தக் குனிதல்தான். அதைச் செய்ய மனசில்லாதபோதுதான் நமக்குக் கவுன்ட்லெஸ் தேவைப்படுகிறது.

இப்படியெல்லாம் சொல்வதால் அந்தச் சொல்லையே நாடு கடத்திவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதற்கும் ஒரு நல்ல வீடு உண்டு. உங்கள் அம்மா இதுவரை உங்களுக்கு ஊற்றிய தோசை எத்தனை? வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு மூன்று என்று பெருக்கினால் விடை வந்துவிடும். வந்தாலும் சொல்லாதீர்கள். ஜுரம் வந்த ராத்திரிகளில் உங்கள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது எத்தனை தடவை என்று அவரும் குறித்து வைக்கவில்லை. அங்கே கவுன்ட்லெஸ் என்ற சொல் அழகாக உட்காருகிறது. ஏனென்றால் அங்கே எண்ண மறுப்பது அன்பு. நண்பனுக்குச் செய்த உதவியை ஒருத்தன் எண்ணி வைத்திருக்கிறான் என்றால் அது உதவி இல்லை, வட்டிக்கடை.

ஆகவே அடுத்த முறை கவுன்ட்லெஸ் என்றோ எண்ணற்ற என்றோ பேனா நுனிக்கு வரும்போது ஒரு விநாடி நிறுத்திக் கேளுங்கள். எண்ணாமல் விட்டதால் இங்கே யாருக்கு லாபம்? பெற்றவருக்கும் கொடுத்தவருக்கும் மனசு லேசாகிறதா? தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் யாராவது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாரா? அப்படியானால் அடித்துவிட்டு, தெரிந்த எண்ணை எழுதுங்கள். எண் தெரியவில்லையா? 'யாரும் எண்ணவில்லை' என்று எழுதுங்கள். அதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு.

இன்னொரு காரியமும் செய்யலாம். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று எத்தனையோ ஊர்களிலிருந்து அன்றைக்கு மலாயாத் தோட்டங்களுக்குப் போனார்கள். உங்கள் குடும்பத்திலும் 'மலாயா போனவர் திரும்பல' என்று பாட்டி எப்போதோ ஒருத்தரைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். அவர் ரயில் பாதையில்தான் செத்தார் என்று நிச்சயமில்லை. அங்கேயே குடும்பம் நடத்தி நன்றாகவும் வாழ்ந்திருக்கலாம். இருந்தாலும் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேளுங்கள். அவர் பேர் என்ன, எந்த வருஷம் கப்பல் ஏறினார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் காட்டில் அவருக்குக் கல் நட ஆளில்லாமல் போயிருக்கலாம். அவர் பேர் தெரிந்த கடைசி ஆள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.